யசுஷியின் துப்பாக்கி அறை

கிகுதா யசுஷிக்குப் படகு இயந்திரங்களைப் பழுது பார்ப்பது தொழில். எங்கள் வளைகுடாவில் எந்தப் படகின் மோட்டார் இருமினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் மேட்டுத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒனோதெரா குனிஹிகோ என்பது முழுப் பெயர். ஊருக்கு வெறும் குனி. படகும் கத்தரிக்கோலும் எங்களைச் சேர்த்து வைக்கவில்லை, பொம்மைத் துப்பாக்கிதான் சேர்த்து வைத்தது.

பொம்மை என்று சொன்னால் யசுஷிக்குப் பிடிக்காது. "ஏர்சாஃப்ட்னு சொல்லுடா. பொம்மைன்னா கொழந்தைங்க கடிக்கிறது" என்பான். உருவத்தில் அசல் துப்பாக்கிதான். கையில் எடுத்தால் கனமும் ஏறக்குறைய அதுவேதான். சுட்டால் சின்னப் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் ரவை வரும். சிலது பேட்டரியில் ஓடும், விசையை அழுத்திப் பிடித்தால் ரவை சரமாரியாகக் கொட்டும். சிலது வாயுவில், அவை ஒவ்வொன்றாகத்தான் சுடும். அசல் துப்பாக்கியை நாங்கள் இருவரும் தொட்டதில்லை. எங்கள் நாட்டில் போலீஸ்காரர் இடுப்பில் உறைக்குள் பார்ப்பதோடு சரி. தொட வேண்டும் என்ற ஆசையும் எங்களுக்கு இருந்ததில்லை. எங்களுக்குப் பிடித்தது வேறு. ஒரு சின்ன இரும்புத் துண்டு இன்னொன்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று உட்காரும் அந்தச் சத்தம். பெட்டியைத் திறந்ததும் வரும் எண்ணெய் வாசனை.

திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. யசுஷியும் அன்றைக்குப் பட்டறையைச் சாத்திவிடுவான். ரயில் ஏறி செண்டாய் நகரத்துக்குப் போவோம். அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் கடை உண்டு. யசுஷி புதியதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தயாரித்த கம்பெனியே மூடிப்போன, ஸ்பிரிங் உடைந்த, விசை சிக்கிக்கொண்ட உருப்படிகளாகத் தேடித் தேடி எடுப்பான். "புதுசு காசு இருந்தா எவனுக்கும் கெடைக்கும். செத்துக் கெடக்கிறத எழுப்புறதுலதான்டா விஷயம் இருக்கு" என்பான். திரும்பி வரும்போது பெட்டி அவன் மடியில் இருக்கும். ரயிலில் துப்பாக்கியை எடுத்துக் காட்ட முடியுமா, அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் ஏறிவிடும். அதனால் மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, இருவரும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டு வருவோம். எதிர் இருக்கைக்காரர்கள் உள்ளே மீன் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. மாடியில் ஒரே ஓர் அறை, அது முழுக்கத் துப்பாக்கி. நீளமானவற்றைப் பலகையில் திருகாணி போட்டுச் சுவரோடு சுவராக இறுக்கியிருந்தான். கைத்துப்பாக்கிகள் அலமாரியில். மூலையில் ராணுவ ஜாக்கெட்டுகள் தொங்கும். ஒரு துப்பாக்கியைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து மாட்டி முடிப்பதற்குள் எங்களுக்கு மாலை போய்விடும். பேச்சே இருக்காது. சுமோ மல்யுத்த வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோ மட்டும். என் வாழ்க்கையில் நான் அதைவிட நிம்மதியாக இருந்த இடம் கிடையாது.

அவன் மனைவி மிஹோ முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தேநீரை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பார்.

"பகலெல்லாம் தொண்ணூறு வயசு கொழந்தைங்களப் பாத்துக்கறேன். வீட்டுக்கு வந்தா நாப்பத்தஞ்சு வயசுல ரெண்டு" என்பார்.

"அக்கா, ஒரு தடவ சுட்டுப் பாருங்க" என்பேன் நான்.

"நான் சுட்டா உங்க ரெண்டு பேர் மானமும் போயிடும்."

பேச்சுக்குச் சொன்னதல்ல. ஜன்னல் மேடையில் காகிதக் கோப்பைகளை அடுக்கி வைத்துப் போட்டி போட்டால், மிஹோ அக்கா அலட்சியமாக எடுத்து வரிசையாகத் தட்டிவிடுவார். கடைசி ரவையை மட்டும் யசுஷியின் பின்பக்கத்துக்கு ஒதுக்கி வைப்பார். அவன் அலறுவான். அக்கா துப்பாக்கியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே சரியாக மாட்டிவிட்டுக் கீழே போவார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று மார்ச்சில் அந்த நிலநடுக்கம் வந்தபோது யசுஷி உதிரிப்பாகம் வாங்க மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். மிஹோ அக்காவுக்கு அன்று வார விடுமுறை. நான் கடையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். தரை ஆடி நின்றதும் அவரை அரைச் சவரத்தோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கடல் துறைமுகத்தில் ஏறியதும், வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்ததும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பாக ஆற்றுப் பள்ளத்தாக்கின் உள்ளே போனதும். யசுஷி வீடு எது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் பனி பெய்ய ஆரம்பித்தது.

மறுநாள் மத்தியானம் யசுஷி மலைப்பாதையில் நடந்தே வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் என் முன்னால் நின்றான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வீடு இருந்த இடத்தில் அஸ்திவாரமும் குளியல் தொட்டியும் மட்டும் இருந்தன. தேடும் ஆட்கள் அந்தத் தெருவையும் கடற்கரையையும்தான் முதலில் கிளறினார்கள். திரும்பிப் போன தண்ணீர் பெரும்பாலானவர்களைக் கடலுக்குத்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

சில நாள் கழித்து ஆற்று வளைவில் பாதை வெட்டிக்கொண்டிருந்த, மீட்பு வேலைக்கு வந்த படைவீரர்களில் ஓர் இளைஞன் சத்தம் போட்டான். சேற்றிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் விலகி நின்றார்கள். யாரோ போலீஸைக் கூப்பிட ஓடினார்கள். நாங்கள் அந்த வழியாக அரிசி உருண்டை வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். யசுஷி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"அது என்னோடது" என்றான்.

வீரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "சார், தள்ளி நில்லுங்க."

"கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு குமிழ் இருக்கு, அமுக்குங்க. மேகசின் கழண்டு விழும். உள்ள வெள்ளை ரவை இருக்கும்."

வீரன் தயங்கித் தயங்கி அமுக்கினான். சேறும் தண்ணீருமாக மேகசின் விழுந்தது. கூடவே நாலைந்து வெள்ளை ரவைகள். ஒருவன் சிரித்தான். அந்த வாரத்தில் ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். உடனே வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து யசுஷி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பள்ளத்தாக்கின் இரு கரையிலும் இடிபாடுகளுக்குள் குனிந்து குனிந்து தேடுவான். ஒரு குழல், துப்பாக்கிக் கட்டையில் பாதி, குறிபார்க்கும் ஸ்கோப்பின் கண்ணாடி. கிடைத்ததைச் சட்டையில் துடைத்துச் சாக்கில் போடுவான். நான் கூடவே போனேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றிலும் மனிதர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மீன்கடை சுகவாரா அம்மா ஒரு நாள் நேரே வந்து அவன் சாக்கைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய மகளைக் காணவில்லை.

"எம் பொண்ணோட செருப்புகூடக் கெடைக்கல. உம் பொண்டாட்டியும் இன்னும் கெடைக்கல. நீ வெளையாட்டுச் சாமான் பொறுக்கிட்டிருக்கியா? மனுஷன்தானா நீ?"

யசுஷி இடுப்பு மடங்கக் குனிந்தான். நிமிரவே இல்லை. ஆனால் சாக்கை விடவும் இல்லை. அந்த அம்மாவே கையை எடுத்தார். பிறகு போய்விட்டார்.

"எதுக்குடா இது? நாளைக்கு வேணாம். விட்டுடு" என்றேன்.

"பொணம் வெச்சிருக்கற எடத்துக்கு வரச் சொல்றாங்க, குனி. தெனம் புதுசா கொண்டாராங்களாம். ஒவ்வொரு துணியா தூக்கி மொகத்தப் பாக்கணும்." சேற்றில் கிடந்த ஒரு குழலை எடுத்தான். "இதத் தூக்கறது சுலபமா இருக்கு."

நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.

அவன் சொன்னது உண்மை. முதலில் அவன் மிஹோ அக்காவைத் தேடவில்லை, தேடாமல் இருப்பதற்காகத்தான் துப்பாக்கியைத் தேடினான். ஆனால் பொறுக்கப் பொறுக்க அவனுக்கே ஒன்று தெரிய ஆரம்பித்தது. கடற்கரையில் ஒன்றுகூட இல்லை. தெருவில் ஒன்றுகூட இல்லை. கிடைத்ததெல்லாம் பள்ளத்தாக்கில், அதுவும் மேலே போகப் போக அதிகமாக. பாலம் உடைந்து கிடந்த இடத்தில் ஒரு நீளத் துப்பாக்கி கிடைத்தது. அதன் அடியில் சுவர்ப் பலகையின் ஒரு துண்டு திருகாணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யசுஷி அதைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்துக்கு அப்பால் பார்த்தான். அங்கே சாலை அறுந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் இன்னும் யாரும் போகவில்லை.

"கீழ் வீடு போயிடுச்சு. மாடி போகல. முழுசா மெதந்து உள்ள போயிருக்கு."

"அக்கா கீழ இருந்திருந்தா?"

"தண்ணி வந்தா மனுஷன் எங்கடா போவான்? மேலதான போவான்?"

தீயணைப்புப் படையின் தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் களைத்துப்போயிருந்தார். துப்பாக்கி கிடைத்ததை வைத்து ஆளைத் தேடச் சொல்கிறானே என்று அவர் முகத்தில் தெரிந்தது. "அந்தப் பக்கத்துக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும், கிகுதா" என்றார். துப்பாக்கியை முதலில் கண்டெடுத்த அந்த இளம் வீரன்தான் தன் மேலதிகாரியிடம் பேசி, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்தான்.

பாலத்தைத் தாண்டி, மலைச்சரிவைப் பிடித்துப் பிடித்துப் போனோம். பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் தேவதாரு மரங்கள் அடர்ந்திருக்கும். அங்கே யாரோ காளான் வளர்ப்பதற்காகக் கட்டிய தகரக் கொட்டகை ஒன்று கொஞ்சமும் சேதமில்லாமல் நின்றது. அதற்கு எதிரே, இரண்டு மரங்களுக்கு நடுவில், சாய்ந்த கூரையோடு யசுஷியின் மாடி மாட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளையாக ஏதோ சிந்திக் கிடந்தது. உருகாத பனிக்கு நடுவிலும், சருகுகளுக்கு மேலும்.

"உரமா?" என்று ஒரு வீரன் குனிந்து எடுத்தான்.

யசுஷி அதை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான். கொட்டகைக் கூரையைப் பார்த்தான். பிறகு ஓடினான். வீரர்கள் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் கூரை எப்போது வேண்டுமானாலும் விழும் நிலையில் இருந்தது.

அவர்கள்தான் முதலில் உள்ளே போனார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

மிஹோ அக்கா ஜன்னலடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அலமாரி விழுந்து ஒரு கால் அடியில் மாட்டியிருந்தது. யசுஷியின் ராணுவ ஜாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் போட்டிருந்தார். கையுறையும் போட்டிருந்தார். முகத்தில் காயம் இல்லை. மடியில் பேட்டரியில் ஓடும் நீளத் துப்பாக்கி ஒன்று, குழல் ஜன்னல் விளிம்பில். பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் கிழிந்த ரவைப் பைகளும் கிடந்தன. பேட்டரிகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தீர்த்திருந்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே தகரக் கூரை.

எங்கள் ஊரில் ஒரு மனிதர் கத்தினால் எவ்வளவு தூரம் கேட்கும்? தகரத்தில் சத்தம் போட்டால் அதைவிட எட்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பனியில் உட்கார்ந்து, இருக்கிற வரைக்கும் அந்தக் கூரையைச் சுட்டிருக்கிறார்.

வீரன் ஜாக்கெட்டைத் தளர்த்தியபோது அக்குளிலிருந்து இரண்டு மேகசின்கள் விழுந்தன. அவை கைத்துப்பாக்கியுடையவை, வாயு அடைத்தவை. வீரனுக்கு ஒன்றும் புரியவில்லை. யசுஷிக்குப் புரிந்தது. குளிரில் வாயு வேலை செய்யாது. உடம்புச் சூட்டில் வைத்து எடுத்தால்தான் சுடும். குளிர்காலத்தில் யசுஷி மேகசின்களைப் போர்வை போட்ட சூட்டு மேசைக்கு அடியில் வைப்பான். மிஹோ அக்கா கால் நீட்டும்போது அவை இடித்து, நாளெல்லாம் திட்டுவார்.

"இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று யசுஷி என்னிடம் கேட்டான். "நான் சொல்லிக் கொடுத்ததே இல்லையே."

"நீ தெனம் பொலம்புறத அவங்க கேட்டுட்டுத்தான இருந்தாங்க."

அவன் தரையில் உட்கார்ந்து, அக்காவின் கையுறையைக் கழற்றி, அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். சூடு வரும்வரை தேய்க்கப் போகிறவன் மாதிரி தேய்த்தான். வீரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

அக்கா குளிரில்தான் போயிருக்கிறார் என்று டாக்டர் எழுதினார். அந்த ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை யசுஷி கேட்டான் என்பதால் சொன்னார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

தகனத்துக்கு இடம் கிடைக்காமல் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனோம். சுகவாரா அம்மா வந்திருந்தார். மகள் அதுவரை கிடைக்கவில்லை. யசுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் கெடச்சுட்டா" என்றார். அதில் மன்னிப்பும் இருந்தது, பொறாமையும் இருந்தது. யசுஷி "ஆமாம்மா" என்றான்.

பிறகு அவனுக்குத் தற்காலிகக் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்தார்கள். போலீஸ் அந்த நீளத் துப்பாக்கியைத் திருப்பித் தந்தது. அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டான். சாக்கில் பொறுக்கியவை எல்லாம் உப்புத் தண்ணீரில் பொடிந்துபோயிருந்தன, குப்பையில் போட்டான். நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து முகம் பார்த்திராத சேகரிப்பாளர்கள் விஷயம் கேள்விப்பட்டு அவனுக்குத் துப்பாக்கிகள் அனுப்பினார்கள். எங்கள் கூட்டத்தில் ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியாது. ஒரு வாயுக் கைத்துப்பாக்கியைத் தவிர எல்லாவற்றையும் நன்றி எழுதித் திருப்பி அனுப்பினான். அதையும் பெட்டியோடு அப்படியே வைத்திருந்தான். என்னிடம் இருந்தவற்றை நானும் சுவரிலிருந்து கழற்றவில்லை. ஆனால் தொடவும் தோன்றவில்லை.

ஜூன் மழையில் ஒரு மத்தியானம், குடியிருப்பில் வீடு வீடாகப் போய் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். யசுஷியை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, பாதி வெட்டியிருப்பேன். வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். குடை இருந்தும் நனைந்திருந்தார். பள்ளத்தாக்கின் மேல் கோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் குடியிருக்கும் ஹதகேயாமா என்று பெயர் சொன்னார். அவர் வீட்டுக்குத் தண்ணீர் எட்டவில்லை.

யசுஷி துணியோடு எழுந்து அவரை உள்ளே கூப்பிட்டான். நான் தேநீர் போட்டேன். கிழவர் கோப்பையைத் தொடவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும்னு வந்தேன்" என்றார். "அந்த ராத்திரி, எங்க வீட்டுக்கு எதிர்க்க, மரத்துப் பக்கமா ஒரு சத்தம் கேட்டுச்சு. தகரத்துல அரிசி கொட்டுற மாதிரி. கொஞ்ச நேரம் கேக்கும், நிக்கும். மறுபடி கேக்கும். எம் மருமக எந்திரிச்சு, 'போய்ப் பாக்கட்டுமா மாமா'ன்னு கேட்டா. ஆலங்கட்டி, படுத்துக்கோன்னு சொன்னேன்." அவர் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். "உங்க வீட்டம்மா கையில ஒரு துப்பாக்கி இருந்ததுன்னு இப்பத்தான் ஊர்ல பேசிக்கறாங்க. தூக்கம் வரல. அது இதுவான்னு தெரிஞ்சுக்கணும்."

நான் யசுஷியைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் துடைத்தேன்.

யசுஷி எழுந்தான். அலமாரியைத் திறந்தான். துணியில் சுற்றியிருந்ததை நகர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்த பெட்டியை எடுத்தான். கைத்துப்பாக்கியை வெளியே எடுத்து, வாயு நிரப்பி, ரவை போடாமல் ஜன்னல் பக்கம் நீட்டினான்.

"அவ கையில இருந்தது இந்த மாதிரிதான் தாத்தா. கேளுங்க."

சுட்டான். பட்டாசு மாதிரி ஒற்றை வெடி. பக்கத்து அறையில் யாரோ என்ன என்று கேட்டார்கள்.

"இந்தச் சத்தமா?"

கிழவர் யோசித்தார். "இல்ல. இது இல்ல. அது பொலபொலன்னு கேட்டுச்சு."

"அப்ப அது ஆலங்கட்டிதான். நீங்க சொன்னது சரி."

கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு விழுந்தது சத்தமில்லாத பனி மட்டும்தான். அதைப் பள்ளிக்கூட மேட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம்.

"மேட்டுத் தெருவுலயும் ஆலங்கட்டி பேஞ்சுது" என்றேன். "என் கடைக் கூரையெல்லாம் சத்தம்."

அவர் நம்பினாரா, நம்ப வேண்டும் என்பதற்காக நம்பினாரா, எனக்குத் தெரியாது. கோப்பையை எடுத்து ஆறிப்போன தேநீரை முழுக்கக் குடித்தார். தரையில் நெற்றி படும்படி வணங்கினார். யசுஷியும் அப்படியே வணங்கினான். வாசல் வரைக்கும் போய், அவருடைய குடையை விரித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"காதோரம் இன்னும் கொஞ்சம் எடுடா" என்றான்.

நான் சீப்பை வைத்தேன். துணிக்குள் அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கத்தரிக்கோல் பட்டுவிடும் என்று கையை எடுத்துக்கொண்டேன். குலுங்குவது நிற்கும்வரை பின்னால் நின்றேன். பிறகு மிச்சத்தை வெட்டி முடித்தேன்.